மணையில் வைத்த போன்

கோலாலம்பூர் பிளைட்டுக்கா தம்பி நிக்கிறீங்க? அப்ப இப்படித் தள்ளி வாங்க. அந்தக் கம்பிக்கிட்ட நின்னா வெயில் மூஞ்சியில அடிக்கும், போதாக்குறைக்கு டாக்சிக்காரங்க வந்து கையைப் பிடிச்சு இழுப்பாங்க. இங்க நின்னா கதவு திறக்கிறப்பவே உள்ளேர்ந்து வர்ற ஆள் தெரியும். நான் வெள்ளனவே வந்து, நாலு இடத்துல நின்னு பாத்துட்டு, இதைப் பிடிச்சேன். உங்களுக்கு யாரு வர்றாங்க, கூடப் பொறந்தவரா? சந்தோஷம். துறையூர்லேர்ந்தா வர்றீங்க? எனக்கு உள்ளூர்தான். வயலூர் ரோட்டுல சொந்த வீடு. புதுசு.

எனக்கு யாரா? எங்க வீட்டம்மா. டூரெல்லாம் இல்ல தம்பி, டூர்னா நானும்ல கூடப் போயிருப்பேன். மேடம் டிரெய்னிங் குடுக்கப் போயிருக்காங்க. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். மலேசியாவுல கிள்ளான்னு ஒரு ஊராம். அங்க இருக்கிற பொம்பளைங்களுக்கு ரவிக்கையில பாசிமணி கோக்கக் கத்துக்குடுக்க அந்த தேசத்துல ஒரு ஆளு அகப்படாம, கடல் தாண்டி வந்து எங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போனாங்க. நான் ரிட்டயர்டு ஆகுற வரைக்கும் சர்க்கார் ஆபீஸ்ல ஹெட் கிளார்க். என்னை மதுரையைத் தாண்டி ஒரு டிரெய்னிங்குக்கு அனுப்பினதில்ல. அனுப்பியிருந்தா நானும் போயிருப்பேன், அது வேற.

பேரு மட்டுவார்குழலி. மலைக்கோட்டை அம்மன் பேரு. எல்லாரும் குழலின்னு கூப்பிடுவாங்க. நான் 'இந்தாம்மா'ன்னு கூப்பிடுவேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான். அவளுக்கும் அது பழகிப்போச்சு, திரும்பிப் பாப்பா.

இந்த ஆரி வேலைன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே. கட்டில் மாதிரி ஒரு சட்டத்துல துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியை வச்சுக் குத்திக் குத்தி எடுக்கிறது. கல்யாணப் பொண்ணுங்க எல்லாம் இப்ப அது இல்லாம மணமேடை ஏற மாட்டேங்குதுங்க. முதுகுல யானையாம், பல்லக்காம். போன வருஷம் ஒரு பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சியையே முதுகுல தைக்கச் சொல்லிட்டு, மூக்கு கோணலாப் போச்சுன்னு எங்க வீட்டுக் கூடத்துல உக்காந்து அழுதது. பக்கத்துல இருந்த மாப்பிள்ளை போட்டோவை நான் எட்டிப் பாத்தேன். மாப்பிள்ளைக்கு அசல்லயே மூக்கு கோணல்தான். அதை நான் சொல்லப்போக, அந்தப் பொண்ணு இன்னும் சத்தமா அழுதது. அப்புறம் குழலி ராத்திரியோட ராத்திரியா பிரிச்சுத் தைச்சுக் குடுத்தா. பொய் மூக்கு.

எங்க மக நிவேதா கல்யாணம் முடிஞ்சு ஓசூர் போனப்புறம், வீட்டுல சும்மா இருக்காளேன்னு அந்த வகுப்புக்கு நான்தான் அனுப்பினேன். அதாவது, போறேன்னா, நான் ஒண்ணும் சொல்லல. அது அனுப்புன மாதிரிதானே? ஆறு மாசம் அடிப்படை, அப்புறம் அட்வான்ஸ், அப்புறம் சர்டிபிகேட்டு. அம்பது வயசுக்கு மேல சர்டிபிகேட்டு வாங்கி எங்க வேலைக்குப் போகப்போறேன்னு கேட்டேன். சும்மா வேடிக்கைக்கு. நான் வேடிக்கையாப் பேசுற ஆளு தம்பி, எங்க ஆபீஸ்ல கேட்டாலே சொல்லுவாங்க. அவளுக்கு வேடிக்கை புரியாது. அந்த சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்ட ஒரு ஆணி அடிச்சுக் குடுங்கன்னா. வாடகை வீட்டுச் சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, புது வீடு வரட்டும்னேன். நியாயந்தானே?

புது வீடு வந்துச்சு. அதைப் பத்திச் சொல்லணும் உங்ககிட்ட. காலம் பூரா உறையூர்ல வாடகை வீட்டுல இருந்துட்டு, ரிட்டயர்டு ஆன கையோட நானே நின்னு கட்டின வீடு. இன்ஜினியர் பேருக்குத்தான். பிளான் பூரா என்னுது. கார் நிறுத்த இடம் விட்டிருக்கேன். கார் இல்ல, ஆனா நாளைக்கு விக்கிறப்போ விலை போகும். அடுப்படி மேடை, அலமாரி எல்லாம் நல்ல உயரமா வச்சிருக்கேன், எனக்கு இடுப்பு வலிக்காத உயரம். இல்ல, சமைக்கிறது அவதான். நான் தண்ணி குடிக்கப் போவேன்ல.

அவ கேட்டது ஒரே ஒரு ஜன்னல். மாடியில வடக்குப் பக்கம் இருக்கிற ரூம்ல சட்டம் போட்டு உக்காந்துக்கறேன், பெரிய ஜன்னலா ஒண்ணு வைங்க, வெளிச்சம் நேரா விழும்னா. நான் நல்லா யோசிச்சேன். ஜன்னல் வச்சா கொசு, தூசி. அதுவும் போக அந்த ரூம் எனக்கு ஆபீஸ் ரூமுக்குன்னு ஒதுக்கினது. ரிட்டயர்டு ஆனவருக்கு எதுக்குங்க ஆபீஸ் ரூம்னு கேட்டா. பாத்தீங்களா, வேடிக்கையாப் பேச அவளுக்கும் வரும், என்னைப் பத்தின்னா மட்டும். உனக்கு மாடிப்படிக்குக் கீழ இடம் இருக்கு, நல்ல டியூப்லைட்டா ரெண்டு போட்டுத் தர்றேன்னு சொன்னேன். சரின்னுட்டா. சரின்னுதான் சொன்னா தம்பி, அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல. திருப்தியாயிடுச்சுன்னு நினைச்சேன்.

அந்தச் சமயம் பாத்துத்தான் கிள்ளான்லேர்ந்து கோகிலவாணின்னு ஒரு அம்மா, மக கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கத் திருச்சி வந்தாங்க. குழலி தைச்ச ரவிக்கையைப் பாத்துட்டு, அங்க எங்க கடையில வந்து ஒரு மாசம் கத்துக்குடுங்கன்னு கூப்பிட்டாங்க. பாஸ்போர்ட்டுக்குப் புருஷன் கையெழுத்து வேணுமான்னு விசாரிச்சேன். வேணாமாம். நாட்டுல சட்டம் அப்படி இருக்கு. ஒரு மாசந்தானேன்னு விட்டேன். கிளம்புறதுக்கு முன்னாடி பழைய வீட்டுச் சாமான் பூரா மூட்டை கட்டி வச்சுட்டுப் போனா, புது வீட்டுக்குக் கொண்டுபோறதுக்கு.

இவ போன பத்தாம் நாள் ஜோசியர் கூப்பிட்டு, கிரகப்பிரவேசத்துக்கு வர்ற ஞாயித்துக்கிழமையை விட்டா உங்க நட்சத்திரத்துக்கு அடுத்த வருஷந்தான்னாரு. போன் போட்டேன். வகுப்பைப் பாதியில விட்டுட்டு எப்படிங்க வர்றது, வேற நாள் பாக்கக் கூடாதான்னா. வீட்டைக் கட்டினவன் நான், நாள் குறிச்சது ஜோசியர். நடுவுல கிள்ளான் பொம்பளைங்க பாசிமணிக்காக நாங்க நாளை மாத்தணுமாம். வைச்சது வைச்சதுதான்னு சொல்லிட்டேன்.

கிரகப்பிரவேசம் அன்னிக்கு எல்லாம் ஜோரா நடந்துச்சு. பசுவும் கன்னும் கூடத்துக்கு வந்துச்சு, கிரானைட் வழுக்குதுன்னு கொஞ்சம் முரண்டு பிடிச்சதோட சரி. ஹோமத்துக்கு உக்காரப் போறேன், அய்யர் பக்கத்து மணையைக் காட்டி, 'அம்மா எங்க?'ங்கிறாரு. ஊர்ல இல்லன்னேன். தம்பதியா உக்காரணுமே, இல்லாட்டிப் பலன் பாதிதான்னாரு. பாதிப் பலனுக்கா நான் இவ்வளவு செலவு பண்ணேன்? அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை உதிச்சுது. வீடியோ கால் போட்டேன்.

நம்புவீங்களான்னு தெரியல. சாமி முன்னாடி வைக்கக் கொண்டாந்திருந்த அவ கல்யாணக் கூறைப் புடவையை மடிச்சு மணை மேல வச்சு, அதுக்கு மேல ஒரு சொம்பு, சொம்புல சாச்சு போனு. போன்ல குழலி மூஞ்சி. அய்யர் ஒரு நிமிஷம் யோசிச்சாரு, அப்புறம் அவரும் சங்கல்பத்துல அவ பேரையும் சேத்துச் சொல்லிட்டாரு. என் துண்டையும் அந்தப் புடவைத் தலைப்பையும் சேத்து முடிச்சுப் போட்டாங்க. எங்க அக்கா தனபாக்கியம் குங்குமத்தை எடுத்து, நெத்திக்கு நேரா கண்ணாடி மேலயே வச்சிடுச்சு. அந்தப் பக்கம் குழலியைச் சுத்தி அத்தனை பொம்பளைங்க. வகுப்பு நேரமாம். இந்தியாவுல கிரகப்பிரவேசம் எப்படி நடக்கும்னு பாக்கட்டும்னு, அந்தக் கோகிலவாணி என் வீட்டு ஹோமத்தைப் பெரிய டிவியில போட்டிருக்கு. எல்லாரும் கை தட்டினாங்க. குழலியும் சிரிச்ச முகமாத்தான் இருந்தா. அக்கா பால் காய்ச்சிச்சு. பொங்கினப்போ போனைத் தூக்கிட்டுப் போய்க் காட்டினேன். அவ கையெடுத்துக் கும்பிட்டா. கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு. புகை எனக்கு, அவளுக்கு என்ன புகை?

இது வரைக்கும் என் மேல ஒரு குத்தம் சொல்ல முடியுமா? சொல்லுங்க. வராத பொண்டாட்டியை நான் விட்டுக்குடுத்தேனா? இல்லையே, பக்கத்துல உக்கார வச்சேன்.

அப்புறம் போனைப் பழையபடி சொம்புல சாச்சு வச்சேன். யாரோ சொம்புக்குப் பூச்சரத்தைச் சுத்தப்போய் போன் பூவுக்குள்ள மறைஞ்சு போச்சு. எனக்கு எப்படித் தெரியும் அது இன்னும் ஓடிட்டிருக்குன்னு? டிபன் பந்தி பக்கத்துலயே போட்டோம். இலையில உக்காந்ததும் ஆளாளுக்குக் கேக்கிறாங்க, 'குழலி இல்லாமயா கிரகப்பிரவேசம்?'னு. பந்தியில என்ன தம்பி பேசுவாங்க, நாலு பேரு சிரிக்கிற மாதிரித்தானே பேசுவாங்க. மகாராணி மலேசியாவுல தர்பார் நடத்துறாங்கன்னேன். அங்க ஊசி குத்தவா கூட்டிட்டுப் போயிருப்பாங்க, பாத்திரம் கழுவ ஆள் கிடைச்சிருக்காது, இவகிட்ட பதவிசா டிரெய்னர்னு சொல்லியிருப்பாங்கன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. இவளுக்குச் சொந்த மூக்குக் கண்ணாடி எங்க இருக்குன்னு தெரியாது, இவ போய் இன்னொருத்திக்குக் கத்துக்குடுக்கிறான்னேன். அதுக்கும் சிரிச்சாங்க. எங்க மச்சான், 'என்ன இருந்தாலும் வீட்டுக்காரி இல்லாதது ஒரு குறைதான் மாமா'ன்னாரு. நான் என்ன சொன்னேன்னா, 'என்ன குறை? அவ இடத்துல ஒரு போனை வச்சேன், காரியம் நடந்துடுச்சு. சொல்லப்போனா இது தேவல, எதுத்துப் பேசாது'ன்னேன். பந்தியே அதிர்ந்துச்சு தம்பி. எனக்கே பொங்கல் புரை ஏறிடுச்சு.

அப்பத்தான் பூவுக்குள்ளேர்ந்து ஒரு குரல். குழலி குரல் இல்ல. அந்தக் கோகிலவாணி, மலேசியா இழுவையோட. 'அண்ணே, போன் இன்னும் கட் ஆகல லா. டிவியில எல்லாம் கேக்குது'ன்னுச்சு. 

போய்ப் பூவை விலக்கிப் பாத்தேன். குழலி அதே இடத்துல அப்படியே உக்காந்திருக்கா. சுத்தி இருக்கிறதுங்க எல்லாம் வேற எங்கயோ பாக்குதுங்க. நான் சமாளிச்சு, 'என்னம்மா, சாப்டாச்சா?'ன்னு கேட்டேன். அவ கையை நீட்டி லைனைக் கட் பண்ணிட்டா.

நீங்களே சொல்லுங்க, அடுத்தவங்க பந்தியில பேசுறதை ஒட்டுக் கேக்கிறது முறையா? லைன் ஓடுதுன்னு தெரிஞ்சா மரியாதையா அப்பவே கட் பண்ண வேண்டாமா? இதைத்தான் நான் நிவேதாகிட்டயும் கேட்டேன். அது, 'அப்பா, கொஞ்ச நாளைக்கு நீங்க எதுவும் பேசாம இருங்க'ங்குது. பெத்த அப்பன்கிட்ட.

ஒரு மாசம்னு போனவ மூணு மாசமாக்கிட்டா. பேச்சுவார்த்தை நிவேதா வழியா. அம்மா நல்லாருக்காங்க, அம்மாவுக்குச் சளி, அம்மாவுக்குச் சரியாயிடுச்சு. ரேடியோ நியூஸ் மாதிரி. போன்ல ஸ்டேட்டஸ்னு போடுவாளே, அதுவும் எனக்கு வர்றது நின்னு போச்சு. போன்தான் கெட்டுப்போச்சுன்னு கடைக்குக் கொண்டு போனேன். நல்லாத்தான் சார் இருக்குன்னான். மத்தவங்க ஸ்டேட்டஸெல்லாம் வருது, எங்க வீட்டம்மாவோடது மட்டும் வரலன்னேன். அவன் என்னையும் போனையும் மாறி மாறிப் பாத்துட்டு, காசு வேணாம் சார், போயிட்டு வாங்கன்னான். நல்ல பையன். ஆனா தொழில் தெரியல. ஏன்னா எங்க அக்கா போன்ல வருது. தெனம் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வருவேன்.

அதுலதான் தம்பி எல்லாச் சேதியும். வகுப்பு முடிஞ்சு ஆளாளுக்குச் சர்டிபிகேட்டு குடுக்கிறா, கீழ கையெழுத்து இவளுது. பத்துமலை முருகன் படியில நிக்கிறா. தலைமுடியைத் தோளோட வெட்டிக்கிட்டா. அதுக்கு அப்புறம் ஒரு நாள், ஒரு வீட்டுச் சாவி. நம்ம திருச்சி தில்லைநகர்ல வீடு பிடிச்சிருக்காளாம், வகுப்பு நடத்துறதுக்கு. இங்க அவகிட்டப் படிச்ச ரெண்டு பொண்ணுங்க பாத்துப் பேசி முடிச்சிருக்காங்க. போட்டோவுல பாத்தேன். சுவரை விட ஜன்னல்தான் அதிகம். தூசி துடைச்சே நொந்து போகப்போறா. நீங்க கேக்கிறது சரி, அடுப்படி இருக்கு. ஒரு பெட்ரூம் இருக்கு. அதுல கட்டில் போட்டிருக்காங்க. சுவத்துல அந்தச் சர்டிபிகேட்டு மாட்டியிருக்கு, வாடகை வீட்டுச் சுவத்துல. வகுப்புக்கு எதுக்குக் கட்டில்னு நிவேதாகிட்டக் கேட்டேன். மதியம் அசதியா இருந்தா சாஞ்சுக்கிறதுக்கா இருக்கும்பான்னுச்சு. அதான் இருக்கும். அம்பது தாண்டின உடம்பு இல்லையா?

நான் எங்க இருக்கேனா? புது வீட்டுலதான். சாமான் எல்லாம் மூட்டையாவே கிடக்கு. எதுல எது இருக்குன்னு கட்டினவளுக்குத்தான் தெரியும். ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு போர்வை, அவ்வளவுதான் பிரிச்சேன். சாப்பாடு மெஸ்ல. அவ சாம்பாரை நான் குறை சொல்லாத நாள் கிடையாது. மெஸ் சாம்பார்ல குறை சொன்னா அவன், பிடிக்கலன்னா நாளைக்கு வராதீங்கங்கிறான். மாடியில ஆபீஸ் ரூம்ல போய் உக்காருவேன். பகல்லயே லைட் போடணும், இருட்டா இருக்கு. செருமினா வீடு பூரா எதிரொலிக்குது தம்பி. சாமான் பிரிச்சு அடுக்கிட்டா சரியாயிடும்.

இன்னிக்கு வர்றது எனக்குச் சொல்லல. அக்கா போன்ல, 'திருச்சிக்குத் திரும்புகிறேன்'னு விமானப் படம் போட்டிருந்துச்சு. சொல்லலன்னா என்ன, புருஷனுக்குத் தனியாச் சொல்லணுமா? நான் வருவேன்னு தெரியும் அவளுக்கு. டாக்சி நிறுத்தி வச்சிருக்கேன். வரட்டும், கேக்கிற கேள்வியைக் கேக்கத்தான் போறேன். மூணு மாசம் ஒரு மனுஷனை இப்படி விட்டுட்டுப் போவாங்களா? ஊர்ல நாலு பேரு என்ன பேசுறாங்கன்னு தெரியுமா? எல்லாம் வரிசையா யோசிச்சு வச்சிருக்கேன்.

கதவு திறக்குது பாருங்க. இறங்கிட்டாங்க போல. உங்க தம்பி தெரியுறாரா? மெதுவா வருவாரு, பெட்டி எடுக்கணும்ல. அங்க ரெண்டு பொண்ணுங்க பூங்கொத்தோட நிக்குதுங்க பாருங்க, அதுங்களும் வந்திருக்குதுங்க. அந்த வீடு பாத்துக் குடுத்ததுங்க. காரோட வந்திருக்கும்.

வர்றா. அந்தப் பச்சைச் சுடிதார். வெட்டின முடி, போட்டோவுல நல்லாத்தான் இல்ல, நேர்ல பாத்தா... பரவாயில்ல. சுடிதார் போட்டு நான் பாத்ததில்ல. நடையைப் பாருங்க, தள்ளுவண்டியை எப்படித் தள்ளிட்டு வர்றா. இவ உறையூர் மார்க்கெட்டுக்குத் தனியாப் போக மாட்டாளே தம்பி. பாத்துட்டா. என்னைப் பாத்துட்டா. சிரிக்கல, முறைக்கவும் இல்ல. இங்கதான் வர்றா.

கேட்டீங்களா? 'வந்துட்டீங்களா, இந்த வெயில்ல எதுக்கு அலைஞ்சீங்க'ங்கிறா. யோசிச்சு வச்ச கேள்வியெல்லாம் எங்க போச்சு? 'பெட்டியைப் பாத்துக்குங்க, இதோ வந்துடறேன்'னு தள்ளுவண்டியை என்கிட்ட விட்டுட்டு அந்தப் பொண்ணுங்ககிட்டப் போயிட்டா. எப்படிச் சிரிச்சுப் பேசுறா பாருங்க. பூங்கொத்தை வாங்கிட்டா. டாக்சி இந்தப் பக்கம் நிக்குது. அதுங்க கார் அந்தப் பக்கம் நிக்குது. பெட்டி என் கையில இருக்கு, எந்தப் பக்கம் தள்ளுறதுன்னு தெரியல தம்பி. பயமா இருக்கு எனக்கு.

திரும்பி வர்றா. தம்பி, ஒரு உபகாரம் பண்ணுங்க. உங்க தம்பி வர நேரம் ஆகும், ஒரு நிமிஷம் இங்கயே நில்லுங்க. அவ கிட்ட வந்ததும், நீங்க பாட்டுக்கு, பேச்சுவாக்குல கேக்கிற மாதிரி, 'எங்கம்மா போறீங்க?'ன்னு கேளுங்க. முன்னப்பின்ன தெரியாதவர் கேட்டா, மரியாதைக்காவது, 'எங்க வீட்டுக்குத்தாங்க, வயலூர் ரோடு'ன்னு சொல்லுவா. நான் இப்படி ஓரமா நின்னு அதைக் கேட்டுக்கறேன். நான் கேட்டா உள்ளதைச் சொல்லிடுவா.